வேலையால் வரும் கைவலி: முதல் மரப்பிலிருந்து வேலைக்குத் திரும்பும் வரை எதை எப்போது செய்வது

தையல், தட்டச்சு, முடிதிருத்தம், இயந்திரப் பழுது, பொட்டலம் கட்டுதல், கட்டட வேலை என்று எந்தத் தொழிலாக இருந்தாலும் சரி, ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்கிறவரின் கை ஒரு கட்டத்தில் முரண்டு பிடிக்கும். பிசியோதெரபிக்காக என்னிடம் வருகிறவர்களில் பலர் எல்லாவற்றையும் ஒரு சுற்று முயன்று பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். பட்டை கட்டியிருப்பார்கள், தைலம் தேய்த்திருப்பார்கள், வீடியோ பார்த்துப் பயிற்சி செய்திருப்பார்கள், சிலர் ஊசியும் போட்டிருப்பார்கள். செய்தவற்றில் பாதிக்கு மேல் சரியானவைதான். வரிசை பிசகியிருக்கும். எந்த இடத்தில் கோளாறு என்று தெரிவதற்கு முன்பே பட்டை, சுமையைக் குறைப்பதற்கு முன்பே பயிற்சி.

இங்கே சொல்வதெல்லாம் விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றுக்கும்தான். முதுகுக்கும் தோளுக்கும் வேறு கணக்கு.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு, பேனா. படம் பிடிக்க ஒரு கைபேசி. அரை லிட்டர் பாட்டில் ஒன்று. தண்ணீர் நிரப்பினால் அரை கிலோ எடை, அதற்கு மேல் ஆரம்பத்தில் வேண்டாம். ஸ்பிளிண்ட் எனப்படும் தாங்குபட்டையை இப்போதே வாங்கிவிடாதீர்கள். எது வேண்டும் என்பது படி 3 முடிந்த பிறகுதான் தெரியும்.

காலமும் வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் நரம்புக்கு முறையான முயற்சி என்றால் குறைந்தது 6 வாரம். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு 12 வாரம். தசைநாணில் ரத்த ஓட்டமும் குறைவு, புதுப்பித்துக்கொள்ளும் வேகமும் குறைவு. பத்து நாளில் பலன் தெரியவில்லை என்று சிகிச்சையை மாற்றுகிறவர்கள் எதையுமே முழுதாக முயல்வதில்லை.

1. அவசரமானதை முதலில் விலக்குங்கள்

கீழே உள்ள எதுவும் இருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். மற்ற படிகள் எதுவும் இவற்றுக்குப் பொருந்தாது.

இடது கைவலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல். திடீரென ஒரு பக்கக் கை செயலிழப்பது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது. இவை இரண்டுக்கும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

விழுந்தோ அடிபட்டோ வந்த வீக்கம். கை சிவந்து சூடாகி, கூடவே காய்ச்சல். ஒரு விரல் முழுவதும் வீங்கி மடங்கியபடி இருந்து, மெல்ல நிமிர்த்தினாலே உயிர்போகும் வலி என்றால் உள்ளே சீழ்த்தொற்று இருக்கலாம்; அன்றே பார்த்தாக வேண்டும்.

இரண்டு கைகளும் தடுமாறுகின்றன, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, நடையும் தள்ளாடுகிறது என்றால் சிக்கல் கையில் இல்லை. கழுத்தில் தண்டுவடம் நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வேலையால்தான் என்று நினைத்து மாதக்கணக்கில் மணிக்கட்டுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.

இன்னொரு கூட்டம் அவசரம் இல்லை, ஆனால் ஆள்மாறாட்டம் செய்யும். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பம், முடக்குவாதம் ஆகிய நான்கும் கை மரப்பைக் கொண்டுவரும். காலையில் எழுந்ததும் பல மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்துக் கிடந்தால் முடக்குவாதத்தை நினைக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையை இப்போதே முடித்துவிடுங்கள். தைராய்டைக் கவனிக்காமல் மேசை நாற்காலியை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

2. வலிக்குச் சரியான சொல்லைத் தேடுங்கள்

"கை வலிக்குது" என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. நம் பேச்சிலேயே இதற்கு நல்ல சொற்கள் இருக்கின்றன. மருத்துவரிடம் போனதும் அவற்றை விட்டுவிட்டு வெறும் "பெயின்" என்கிறோம்.

மரத்துப் போகிறது, எறும்பு ஊர்கிறது, கரண்ட் அடிக்கிறது என்றால் நரம்பு. ஒரு குறிப்பிட்ட அசைவில் சுருக்கென்று குத்துகிறது, ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும் இடத்தில் வலிக்கிறது என்றால் தசைநாண். நாள் முடிவில் முன்கை முழுக்கக் கடுக்கிறது, உளைகிறது, தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிறது என்றால் தசைக் களைப்பு. இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் படி 4, 5 மட்டுமே போதும். குளிரில் விரல் நுனி வெளுத்துப் பிறகு சிவக்கிறது, அதிரும் கருவி பிடிக்கும் வேலை என்றால் அதிர்வால் வரும் வெண்விரல் நோய்.

அடுத்து விரல்களைப் பாருங்கள். ஒரு தாளில் கையை வைத்துக் கோடு வரைந்து, மரக்கும் இடத்தை மட்டும் நிழலிடுங்கள். ஐந்து நிமிட வேலை இது. நான் கேட்கும் பத்துக் கேள்விகளைவிட இந்தத் தாள் அதிகம் சொல்லும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரல் பக்கத்துப் பாதி: இது மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் கார்ப்பல் டனல் கோளாறு. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சின்னச் சுரங்கம் மாதிரி. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. தசைநாண் உறை கொஞ்சம் தடித்தாலும் முதலில் அடிபடுவது நரம்புதான். இரவில் விழிப்பு வரும், கையை உதறினால் தேவலை ஆகும்.

சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்தால் அழுத்தம் பெரும்பாலும் முழங்கையில். முழங்கையை மேசையில் ஊன்றி வேலை பார்க்கிறவர்களிடமும், மடக்கியே வைத்திருக்கிறவர்களிடமும் அடிக்கடி பார்க்கலாம்.

எல்லா விரலும், முன்கையும் சேர்ந்து மரத்து, கழுத்தைத் திருப்பினால் கூடுகிறது என்றால் கழுத்து நரம்பைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

3. கண்ணாடி முன் மூன்று சோதனைகள்

மருத்துவர் செய்யும் சோதனைகளின் எளிய வடிவங்கள் இவை. நோயை உறுதி செய்ய அல்ல, எந்தப் பாதையில் போவது என்று தெரிந்துகொள்ள. ஒவ்வொன்றையும் இரு கைகளிலும் செய்யுங்கள். வலி இல்லாத கைதான் அளவுகோல்.

முதலாவது, மணிக்கட்டுகளைக் கீழ்நோக்கி முழுதாக மடக்கி, இரண்டு புறங்கைகளும் ஒட்டும்படி 60 விநாடி வைத்திருங்கள். ஃபேலன் சோதனை என்று பெயர். நடுவிரல் பக்கம் மரப்போ ஊரலோ வந்தால் கார்ப்பல் டனல் பாதை. பத்து விநாடியிலேயே வந்துவிட்டால் இரவுத் தாங்குபட்டையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாவது, கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாயுங்கள். கட்டைவிரல் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் சுரீர் என்றால் டி குவர்வேன் எனப்படும் தசைநாண் உறை வீக்கம். ஒன்று கவனியுங்கள்: இந்த அசைவு ஆரோக்கியமான கையிலும் கொஞ்சம் இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் தெளிவாக வலிப்பதுதான் கணக்கு. இதை வேகமாகச் செய்து பார்த்து வலியைக் கூட்டிக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது, முழங்கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்குங்கள். பிறகு உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்குங்கள். முதல் முறை முழங்கையின் வெளிப்புறம் வலித்து, இரண்டாம் முறை வலி குறைந்தால் அது டென்னிஸ் எல்போ. பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள். இது வரும் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

மடக்கிய விரல் டக்கென்று மாட்டி, தானாக நிமிராமல் மறு கையால் எடுத்துவிட வேண்டியிருந்தால் அது டிரிகர் ஃபிங்கர். அதற்குச் சோதனையே தேவையில்லை.

4. ஏழு நாள் குறிப்பும் பத்து நிமிடப் படமும்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற அவசரத்தில் எழுதுவது வீண்வேலையாகத் தோன்றுகிறது. ஆனால் எந்த அசைவைக் குறைப்பது என்பது இதில்தான் தெரியவரும்.

தினமும் மூன்று வரி போதும். அன்று எந்த வேலையை எத்தனை மணி நேரம் செய்தீர்கள். மாலையில் வலி பத்துக்கு எத்தனை. மறுநாள் காலையில் பத்துக்கு எத்தனை. மூன்றாவது எண்தான் மிக முக்கியம். தசைநாண் வலி பல சமயம் ஒரு நாள் தாமதமாக வரும். புதன்கிழமை வலிக்குப் புதன்கிழமை வேலையைப் பழிக்கிறோம். காரணம் செவ்வாய்க்கிழமையில் இருக்கும்.

படம் எடுக்கும்போது செய்யும் தவறு, காலையில் எடுப்பது. காலையில் எல்லோரும் நேராக உட்கார்ந்து மணிக்கட்டை அழகாக வைத்துத்தான் வேலை செய்வார்கள். வேலை முடியும் கடைசி ஒரு மணி நேரத்தில், பக்கவாட்டிலிருந்து எடுங்கள். ஓடவிட்டுப் பார்க்கும்போது நான்கு கேள்விகள்: எங்கே அழுத்திப் பிடிக்கிறேன்? மணிக்கட்டு எப்போது வளைகிறது? பிடியை விடாமல் எவ்வளவு நேரம் இருக்கிறேன்? நிமிடத்துக்கு எத்தனை முறை அதே அசைவு?

ஒரு தையல்காரர் தன் வலிக்கு இயந்திரம்தான் காரணம் என்று உறுதியாக இருந்தார். படத்தில் பார்த்தால் இயந்திரத்தில் கை இலகுவாக இருந்தது. கத்தரிக்கோலில்தான் கட்டைவிரல் நடுங்கியது. கத்தரிக்கோல் மழுங்கியிருந்தது, அவ்வளவுதான்.

5. சுமையைக் குறையுங்கள், ஆனால் கையை முடக்காதீர்கள்

சிகிச்சையின் பாதி இங்கேதான் நடக்கிறது. நானும் தொழிலுக்கு வந்த புதிதில் எல்லோருக்கும் பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் இன்னும் மோசமாகித் திரும்பி வந்தார்கள். ஏற்கெனவே தாங்க முடியாமல் இருந்த தசைநாணுக்கு நான் கூடுதல் வேலை கொடுத்திருந்தேன்.

குறைக்கும் வரிசை இது: முதலில் விசை, பிறகு கோணம், பிறகு இடைவிடாத நேரம், கடைசியில் எண்ணிக்கை. பலர் எண்ணிக்கையைத்தான் முதலில் குறைக்கப் பார்ப்பார்கள். அதற்கு முதலாளியிடமோ மேலாளரிடமோ அனுமதி வேண்டும், கூலியும் அடிபடும். விசையையும் கோணத்தையும் நீங்களே மாற்றலாம்.

விசை: கத்தரிக்கோல், கத்தி, உளி எல்லாவற்றையும் தீட்டுங்கள். மூட்டுகளில் எண்ணெய் விடுங்கள். கையால் அழுத்திப் பிடிக்கும் பொருளை இடுக்கியிலோ பிடிமானியிலோ மாட்டுங்கள். மெல்லிய கைப்பிடிகளுக்குத் துணியோ ரப்பரோ சுற்றி 3 முதல் 4 சென்டிமீட்டர் வரை தடிமனாக்குங்கள். பிடி மெலிந்தால் விரல்கள் இன்னும் இறுக்க வேண்டிவரும். கையுறை பெரிதாக இருந்தால் மாற்றுங்கள்; தொளதொள கையுறையில் பொருள் வழுக்காமலிருக்கத் தேவையைவிட அதிகம் இறுக்குகிறோம். நுனிவிரலால் கிள்ளிப் பிடிப்பதை முழுக்கையால் பிடிப்பதாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். கிள்ளும் விசை கட்டைவிரலின் அடிமூட்டில் பல மடங்காகி விழுகிறது.

கோணம்: மணிக்கட்டு நேராக இருக்கும்போது சுரங்கத்துக்குள் அழுத்தம் மிகக் குறைவு, மேலே வளைந்தாலும் கீழே வளைந்தாலும் ஏறும். வளைந்த மணிக்கட்டில் பிடியின் பலமும் குறைவு, எனவே இரட்டைத் தண்டனை. கணினி வேலையில் விசைப்பலகையின் பின்கால்களை மடக்கிவிடுங்கள். அவை நிமிர்ந்து நின்றால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். மவுஸ் உடம்புக்கு அருகில் இருக்கட்டும். டென்னிஸ் எல்போ உள்ளவர்கள் பொருளை உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்கப் பழகுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கே சிலருக்கு ஒரு வாரத்தில் வலி இறங்கும்.

நேரம்: 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை 30 விநாடி கையைக் கீழே போட்டுத் தளர்த்துங்கள். மதியம் ஒரு மணி நேர ஓய்வு இதற்கு ஈடாகாது. அந்த அரை நிமிடத்தில் கைபேசியை எடுத்துக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருந்தால் அது ஓய்வில் சேராது!

எண்ணிக்கை: வேலையை மாற்றி மாற்றிச் செய்யச் சொல்லும் இடங்களில் ஒரு பொறி உண்டு. திருகு முடுக்குகிறவரை மூடி திருகும் இடத்துக்கு மாற்றினால் பெயர்தான் மாறுகிறது. அதே தசை, அதே பிடி. மாற்று வேலையில் கை வேறு விதமாக அசைய வேண்டும்.

அதிரும் கருவிகளுக்குத் தனிக் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதியில், எட்டு மணி நேரச் சராசரி அதிர்வு (முடுக்கமாக அளப்பது) சதுர விநாடிக்கு 2.5 மீட்டரைத் தொட்டால் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். 5 மீட்டரைத் தாண்டவே கூடாது. இந்தக் கணக்கில் அதிர்வு இரண்டு மடங்கானால் பிடிக்கும் நேரம் கால் பங்காகிவிடும். 5 மீட்டர் அதிர்வுள்ள கருவி நடவடிக்கை அளவை இரண்டு மணி நேரத்தில் தொடும். 10 மீட்டர் அதிர்வுள்ளது அரை மணி நேரத்தில். கருவியின் கையேட்டில் இந்த எண் பெரும்பாலும் இருக்கும். அதிர்வைத் தடுக்கும் என்று விற்கப்படும் கையுறைகளை நம்பி நேரத்தைக் கூட்டாதீர்கள். பல கருவிகளின் தாழ்ந்த அதிர்வுகளை அவை சரியாகத் தடுப்பதில்லை. கையைச் சூடாக வைக்கும், அந்த மட்டில் நல்லது. புகைபிடிப்பவர்கள் நிறுத்த வேண்டும், ஏனென்றால் விரலின் ரத்தக்குழாய்களை அதுவும் சுருக்குகிறது.

இந்தப் படியின் எதிர்த் தவறு, மூன்று வாரம் கையையே அசைக்காமல் படுத்துக் கிடப்பது. வலி போய்விடும், உண்மை. கூடவே தசைநாணின் தாங்கு சக்தியும் போயிருக்கும். நாலாவது வாரம் பழைய வேலைக்கு நேராகத் திரும்பினால் இரண்டு நாளில் பழைய நிலைதான்.

6. தாங்குபட்டை: எந்த இடம், எந்த நேரம்

கார்ப்பல் டனலுக்கு இரவில் மட்டும். தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கிக்கொண்டு படுப்பதால்தான் நடுராத்திரியில் மரப்பு வருகிறது. ஆயத்தமாகக் கிடைக்கும் பட்டைகள் பலவற்றில் உள்ளே இருக்கும் உலோகத் தகடு மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்து வைக்கும். தகட்டை வெளியே எடுத்து நேராக்கிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். பட்டை போட்டும் பலனில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்தத் தகட்டைத்தான். 6 வாரம், ஒரு இரவும் விடாமல்.

டி குவர்வேனுக்குக் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை வேண்டும். கட்டைவிரலின் நுனி மூட்டு மட்டும் அசையலாம். வெறும் மணிக்கட்டுப் பட்டை கட்டினால் வலிக்கும் தசைநாண் பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும்.

டென்னிஸ் எல்போவுக்கு முன்கைப் பட்டை. வலிக்கும் எலும்பு முனையின் மேல் கட்டக் கூடாது; அதிலிருந்து இரண்டு விரல் அகலம் கீழே, தசையின் மேல். வேலை நேரத்தில் மட்டும். விரல் மரத்தால் இறுக்கம் அதிகம்.

முழங்கையில் நரம்பு அழுத்தம் என்றால் இரவில் முழங்கையைச் சுற்றி ஒரு துண்டைத் தளர்வாகச் சுருட்டிக் கட்டுங்கள். மடங்காமல் இருந்தால் போதும், அதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

மணிக்கட்டுப் பட்டையைப் போட்டுக்கொண்டே பழைய வேலையைப் பழைய வேகத்தில் செய்வது ஆபத்தான குறுக்குவழி. மணிக்கட்டு வளையாததால் முழங்கையும் தோளும் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். இரண்டு மாதத்தில் தோள்வலியோடு வருவார்கள்.

7. பயிற்சி: நரம்புக்கு ஒன்று, தசைநாணுக்கு வேறொன்று

சுமையைக் குறைத்து இரண்டு வாரமாகிக் காலை நேர வலி இறங்கத் தொடங்கிய பிறகுதான் இந்தப் படி. இறங்கவில்லையென்றால் படி 5க்குத் திரும்புங்கள்.

நரம்புக்கு: விரல்களை நேராக நீட்டி, பிறகு கொக்கிபோல் மடக்கி, பிறகு முழுதாக மூடி, மறுபடி நீட்டுங்கள். மெதுவாக 10 முறை, நாளைக்கு மூன்று வேளை. தசைநாண்கள் சுரங்கத்துக்குள் வழுக்கிப் போய்வர இது உதவும். நரம்பை இழுத்துப் பிடித்து நிறுத்தும் பயிற்சிகளைச் செய்யாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் நரம்பு இழுப்பதை விரும்பாது. மரப்பு கூடினால் அது பயிற்சியின் பலன் இல்லை, எச்சரிக்கை.

தசைநாணுக்கு மூன்று கட்டம். டென்னிஸ் எல்போவை வைத்துச் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் அசைவில்லாத பயிற்சி: முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, புறங்கையை மறு கையால் தடுத்துக்கொண்டே மேலே தள்ளுங்கள். 30 முதல் 45 விநாடி, ஐந்து முறை, தினமும். தசைக்கு வேலை கிடைக்கும், தசைநாண் உராயாது. பலருக்கு இதிலேயே வலி கொஞ்சம் மட்டுப்படும்.

அடுத்து, தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மேசை விளிம்புக்கு வெளியே வையுங்கள். தூக்குவதற்கு மறு கையின் உதவி. இறக்குவதை மட்டும் வலிக்கும் கை தனியாக, நான்கு விநாடி எடுத்துக்கொண்டு செய்யட்டும். 10 முதல் 15 முறை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இடையில் விடும் அந்த நாள் சோம்பலுக்கு இல்லை. தசைநாண் தன்னைக் கட்டிக்கொள்வது அந்த நாளில்தான். இரண்டு வாரம் சிரமமில்லாமல் போனால் எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

கடைசிக் கட்டம் உங்கள் வேலையின் அசைவே. சுத்தியல் பிடிக்கிறவர் சுத்தியலைப் பிடித்து, குறைந்த விசையில், எண்ணிக்கை வைத்துச் செய்ய வேண்டும்.

வலிக்கான விதி எல்லாக் கட்டத்துக்கும் ஒன்றுதான்: பயிற்சியின்போது பத்துக்கு மூன்று வரை வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் எடையைப் பாதியாக்குங்கள். பயிற்சியை நிறுத்த வேண்டாம். கொஞ்சம்கூட வலிக்கக் கூடாது என்று இருப்பவர்களும் குணமாவதில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு செய்பவர்களும் குணமாவதில்லை.

ரப்பர் பந்தை அமுக்கும் பழக்கம் பற்றி ஒரு வார்த்தை. கைவலி என்றதும் யாராவது ஒருவர் பந்து வாங்கிக் கொடுத்துவிடுவார். நாள் முழுக்கப் பிடித்துப் பிடித்தே நோய் வந்த கைக்கு மாலையில் இன்னும் நூறு முறை பிடிக்கச் சொல்வதாகும் அது. கார்ப்பல் டனலுக்கும் டிரிகர் ஃபிங்கருக்கும் பந்தைத் தொடாதீர்கள். அதேபோல் டி குவர்வேன் உள்ளவர்கள் படி 3இல் செய்த சோதனை அசைவையே நீட்சிப் பயிற்சியாகத் தினமும் செய்வதைப் பார்க்கிறேன். புண்ணைத் திரும்பத் திரும்பக் கிள்ளுவதற்குச் சமம்.

மெழுகு ஒத்தடம், அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல் எல்லாம் அந்த நேரத்து வலியை மட்டுப்படுத்தக்கூடும். அவற்றுக்குப் போய்வரும் நேரத்தைப் பயிற்சியிலிருந்து எடுத்துக்கொள்ளாத வரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

8. மாத்திரையும் ஊசியும்

வலி மாத்திரையை வேலைக்குப் போகும் முன் போட்டுக்கொள்வதுதான் பெரும் தவறு. வலி என்ற அளவுகோலை அணைத்துவிட்டு அதே சுமையைத் தூக்குகிறீர்கள். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சில நாளுக்கு உதவும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கார்ப்பல் டனலுக்கு இந்த மாத்திரைகளால் பெரிய பலன் இல்லை.

ஸ்டீராய்டு ஊசியைப் பொறுத்தவரை, எந்த நோய்க்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டி குவர்வேனுக்கும் டிரிகர் ஃபிங்கருக்கும் நன்றாக வேலை செய்யும், தள்ளிப்போட வேண்டியதில்லை. கார்ப்பல் டனலுக்குச் சில வாரங்கள், சில மாதங்கள் நிம்மதி தரும். பலருக்குத் திரும்ப வரும். டென்னிஸ் எல்போவில் கதை தலைகீழ். ஊசி போட்டவர்கள் ஆறாவது வாரத்தில் மற்றவர்களைவிட நன்றாக இருப்பார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களைவிடப் பின்தங்கியிருப்பார்கள். ஒப்பீட்டு ஆய்வுகள் ஒன்றுக்கு மேற்பட்டவை இதைக் காட்டியிருக்கின்றன. டென்னிஸ் எல்போ பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானாகவே அடங்கும் நோய் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை அளவு ஏறும். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கவோ மெலியவோ கூடும். ஊசியால் வலி போனதும் அன்றே முழு வேலைக்குத் திரும்பாதீர்கள். அந்த நிம்மதிக் காலம் படி 7க்காகத்தான்.

9. அறுவை சிகிச்சை: எப்போது தள்ளிப்போடக் கூடாது

கார்ப்பல் டனலில் மரப்பு வந்து வந்து போகும் வரை நேரம் இருக்கிறது. பகலிலும் இரவிலும் நிரந்தரமாக மரத்துவிட்டாலோ, கட்டைவிரல் மேட்டுத் தசை தட்டையாகத் தொடங்கினாலோ, பொருள்கள் கைதவறத் தொடங்கினாலோ காத்திருக்காதீர்கள். நரம்பு மின்கடத்தல் பரிசோதனை எவ்வளவு சேதம் என்று காட்டும். ஆரம்ப நிலையில் அது சரியாக இருப்பதாகவே வரலாம். அதை வைத்து "உனக்கு ஒன்றுமில்லை" என்று யாரும் சொன்னால் ஏற்க வேண்டியதில்லை.

அறுவையில் சுரங்கத்தின் கூரையாக இருக்கும் தசைநார் (எலும்பை எலும்போடு இணைப்பது, தசைநாண் அல்ல) வெட்டிவிடப்படுகிறது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். இரவு வலி முதலில் போகும், சிலருக்கு முதல் இரவே. மரப்பு மெதுவாகத்தான் போகும். நரம்பிழை சிதைந்திருந்தால் அது நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி 15 சென்டிமீட்டருக்கு மேல் என்பதால் ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். இந்தக் கணக்குத் தெரியாமல் இரண்டாவது மாதமே அறுவை தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியில் அழுத்தினால் வலிப்பதும், பிடி பலம் திரும்ப மூன்று மாதம் வரை ஆவதும் சாதாரணம். வற்றிப்போன தசை முழுதாகத் திரும்பும் என்று வாக்குத் தர முடியாது. அதனால்தான் அது வற்றும்வரை காத்திருக்கக் கூடாது என்கிறேன்.

டென்னிஸ் எல்போவுக்கு அறுவை என்றால், ஆறு மாதத்துக்குக் குறையாமல் முறையான பயிற்சி செய்திருக்கிறீர்களா என்று உங்களையே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

10. வேலைக்குத் திரும்புவது

மருத்துவச் சான்றில் "இலகுவான வேலை கொடுக்கவும்" என்று எழுதி வாங்குவதில் பயனில்லை. எது இலகு என்பதை மேலாளர் முடிவு செய்வார். படி 4இன் நோட்டை மருத்துவரிடம் காட்டி எண்களாக எழுதி வாங்குங்கள்: எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, அதிரும் கருவியை நாளைக்கு எத்தனை நிமிடம், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு, எந்தத் தேதி வரை.

வேலைக்கும் நோய்க்கும் தொடர்பு இல்லை என்று நிர்வாகம் சொன்னால், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2010ஆம் ஆண்டுத் தொழில்நோய்ப் பட்டியலில் கார்ப்பல் டனலும், கட்டைவிரல் பக்கத் தசைநாண் உறை அழற்சியும் (டி குவர்வேன்), முழங்கை எலும்பு முனை அழற்சியும் (டென்னிஸ் எல்போ இந்த வகை) இருப்பதை எடுத்துக்காட்டலாம். இழப்பீடு கிடைக்குமா என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. ஆனால் தேதி போட்ட குறிப்பும் படமும் உங்களிடம் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

முதல் வாரம் வழக்கமான அளவில் பாதி. காலை வலி ஏறவில்லையென்றால் வாரத்துக்கு ஒருமுறை பத்து, இருபது சதவீதம் கூட்டுங்கள். ஒரு வாரத்தில் நேரத்தையோ வேகத்தையோ, ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். இரண்டையும் கூட்டினால் எது கெடுத்தது என்று தெரியாது. வலி ஏறினால் முந்தைய வார அளவுக்குப் போங்கள், பூஜ்ஜியத்துக்குப் போக வேண்டாம்.

தசைநாண் பயிற்சியை வலி நின்ற பிறகும் வாரம் இரண்டு நாள் தொடருங்கள். முழு வேலைக்கு வந்து மூன்றாவது மாதத்தில் மறுபடி ஒரு பத்து நிமிடப் படம் எடுங்கள், கடைசி ஒரு மணி நேரத்தில். பழைய படத்தோடு அருகருகே ஓடவிட்டுப் பாருங்கள். மணிக்கட்டு மறுபடி வளைந்திருந்தால், கத்தரிக்கோல் மறுபடி மழுங்கியிருந்தால், வலிக்காகக் காத்திருக்காமல் அன்றே படி 5இலிருந்து தொடங்குங்கள்.